பார்வை விழாத இடத்துக்கு பிட்ரேட் எதற்கு?

கருவிழி:
வீடியோவைச் சுருக்கும்போது பிட்ரேட்டை, அதாவது நொடிக்குச் செலவிடும் தரவை, திரை முழுக்கப் பரப்பி ஒரே தரம் கொடுப்பது வீண் என்பது என் கட்சி. கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் சுமார் 2 டிகிரிதான். கையை நீட்டினால் கட்டைவிரல் மறைக்கிற அளவு. மிச்சமெல்லாம் மங்கல். பார்வை போகும் இடத்தைப் பதியும் ஐ டிராக்கர் வைத்துப் பார்த்தால் பார்வை பெரும்பாலும் முகங்களிலும் திரையின் நடுவிலும்தான் நிற்கிறது. பிட்டுகளை அங்கே கொட்டுங்கள்.

தொகுப்பாளன்:
ஓரத்தில் மங்கல், சரி. ஆனால் அங்கே ஏதாவது மினுக்கினால் கண் சட்டென்று திரும்பிவிடுமே? பிட்ரேட் குறைந்த கிரிக்கெட் நேரலையைப் பாருங்கள். கேமரா பந்தைத் துரத்தும்போது புல்தரை கட்டம் கட்டமாகக் குழைகிறது. கேமரா நின்றதும் புல் மெல்லத் திரும்பி வருகிறது. அப்புறம் ஒவ்வொரு கீஃபிரேமுக்கும், அதாவது இடையிடையே முழுதாக வரும் படத்துக்கும், ஒரு துடிப்பு. புல்லைப் பார்க்க யாரும் உட்காரவில்லை, ஆனாலும் பார்த்துவிடுவார்கள். நீங்கள் மிச்சம் பிடித்த இடமே பார்வையை இழுக்கிறது.

கருவிழி:
குழைகிற அளவுக்கா குறைக்கச் சொன்னேன்? 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2 என்ற தலையில் மாட்டும் திரை இதைத்தானே செய்கிறது? கண் நிற்கும் இடத்தைக் கூர்மையாக வரைந்து, சுற்றிலும் வேலையைக் குறைக்கிறது.

தொகுப்பாளன்:
அங்கே பார்ப்பவர் ஒரே ஆள், கண் நகர்ந்தால் படமும் கூடவே மாறும். முன்கூட்டியே சுருக்கி வைத்த வீடியோவில் அது நடக்காது. டிவி முன்னால் நாலு பேர் இருந்தால் யார் கண்ணை நம்புவது?

மழைக்குருவி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். "தரத்துக்கு மதிப்பெண் போடுங்கள்" என்று சொன்னதுமே பார்ப்பவர் குறை தேட ஆரம்பித்துவிடுவார். ஒரே ஓவியத்தைக் காட்டி, கேள்வியை மாற்றினால் கண் போகும் வழியும் மாறுவதை சோவியத் ஆய்வாளர் யார்பஸ் 1960-களிலேயே காட்டினார். 2007-இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், மனிதர் போடும் மதிப்பெண்ணைக் கணிக்கும் தர அளவுகோல்களில், பார்வைப் பதிவை வைத்து, கண் நின்ற இடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துப் பார்த்தார்கள். கணிப்பு தெளிவாக மேம்படவில்லை.

கருவிழி:
அது அசையாத படங்களை வைத்துச் செய்த ஆய்வு. படத்தில் கண் ஆற அமர அலையலாம். வீடியோவில் ஷாட் மாறியதும் எல்லார் பார்வையும் நடுவுக்கு ஓடிவரும். அதை வைத்து இதை மறுப்பது நியாயமில்லை.

தொகுப்பாளன்:
நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட விமாஃப் என்ற வீடியோத் தர அளவுகோல் பார்வைத் தரவு எதையும் கேட்பதில்லை. ஆனாலும் மனிதர் போடும் மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

மழைக்குருவி:
அந்த மதிப்பெண்ணும் குறை தேடச் சொல்லி வாங்கியதுதானே? கிரிக்கெட் காட்சியைத் தரப் பேச்சே எடுக்காமல் காட்டி, ஓவர் முடிந்த பிறகு தரம் எப்படி என்று கேட்டால்தான் இந்தச் சண்டைக்குப் பதில் கிடைக்கும்.