பான்செக்சுவல் என்று சொன்னபோது எதிரில் இருந்தவர் என்ன சொன்னார்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஸ்கார்பரோ சுடர்

'ஷிட்ஸ் கிரீக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் வைன் காட்சியை இங்குள்ள எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'எனக்கு வைன்தான் பிடிக்கும், போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர் அல்ல' என்று நாயகன் டேவிட் சொல்லும் அந்த இடத்தை, பான்செக்சுவல், அதாவது பாலினம் பாராமல் ஆளின்மேல் ஈர்ப்புக் கொள்பவர், என்பதற்கு மிகச் சிறந்த விளக்கமாக 2015 முதல் பலரும் எடுத்துக்காட்டி வருகிறார்கள். அம்மாவும் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் எனக்கு இன்றுவரை முள்ளாகத் தைத்துக்கொண்டிருப்பது தந்தை ஜானி வரும் காட்சிதான். தன் மகன் பான்செக்சுவல் என்று ஊர் மேயர் ரோலண்டிடம் சொல்லும் ஜானி, அவன் ஏதாவது ஒரு பாலினத்தைத் தேர்ந்துகொண்டிருந்தால் இவ்வளவு குழப்பம் இருந்திருக்காதே என்று ஆதங்கப்படுவார். அம்மா ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்தினார். ஜானியின் தடித்த புருவங்கள் பாதி உயர்ந்தபடி திரையில் நின்றன.

"பாவம் மனுசன், சரியாத்தானே சொல்லுறார். ஒண்டைத் தெரிஞ்சால் என்ன?"

நான் என்னைப் பற்றி அம்மாவிடம் சொல்லி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "இது தெரிவு செய்யிற விசயமில்லை அம்மா" என்றேன். "அதுதானே பிள்ளை பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அவர் தொடரை மீண்டும் ஓடவிட்டார்.

வைன் வசனத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் வீடுகளில் உண்மையில் பேசப்படுவது ஜானியின் வசனமாக இருக்க, அதைப் பற்றி எழுதுவோர் ஏன் இவ்வளவு குறைவு?

இருகரை

சுடர், உங்கள் அம்மாவாவது ஒரு கதாபாத்திரத்தைப் பற்றித்தான் பேசினார். எனக்கு நேர்ந்தது நம்மவர்கள் நடுவிலேயே. சென்னையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் நான் பைசெக்சுவல், அதாவது இருபாலீர்ப்புள்ளவர், என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும், பக்கத்தில் இருந்த இளைஞர் தன் பையில் குத்தியிருந்த பான் கொடிப் பட்டயத்தைக் கழற்றி, இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இருந்த மஞ்சள் பட்டையை நகத்தால் சுட்டி, "இது உங்கள் கொடியில் இல்லையே" என்றார். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களைப் பைசெக்சுவல்களான நாங்கள் ஏற்பதில்லை என்பது அவருடைய முடிவு. என்னோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒரு திருநம்பி. அதை அந்தக் கூட்டத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

1990-லேயே சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பைசெக்சுவல் அமைப்பினர் தங்கள் இதழில் வெளியிட்ட அறிக்கையில், இருபாலீர்ப்பை இரண்டுக்குள் அடைக்காதீர்கள், பாலினங்கள் இரண்டே என்று கொள்ளாதீர்கள் என்று எழுதிவிட்டார்கள். பான் கொடி இணையத்தில் பரவியது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான். பான் என்பவர்கள் தங்களை விளக்குவதற்கு எங்களைக் குறுக்கிக் காட்ட வேண்டுமா என்பதே என் கேள்வி.

கயல்

இருவரும் எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், எங்களிடம் கேட்காமலேயே. அந்த வைன் காட்சியில், முன்பு ஷார்டனே என்ற வெள்ளை வைனாக இருந்த ஒரு மெர்லோ சிவப்பு வைனையும் ஒரு கோடையில் சுவைத்துப் பார்த்ததாக டேவிட் சொல்வார். எல்லோரும் சிரிக்கும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அந்தப் போத்தல் நான்.

செயலி வழியாக அறிமுகமான ஒருவரைத் தேநீர்க் கடையில் சந்தித்தேன். உட்கார்ந்ததும், "நான் பான். அதனால் நீங்கள் திருநங்கை என்பது எனக்குத் தடையே இல்லை" என்றார். பிறகு கோப்பையில் கரண்டியைச் சுழற்றியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியை எதிர்பார்க்கிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவர் சொல்லவே இல்லை.

லண்டன் வாசி

என் கதை சிறியது. அலுவலகத்தில் சொன்னேன், மேலாளர் "சரி, அறிக்கை எப்போது வரும்?" என்றார், அவ்வளவுதான்.

சுடருக்குச் சில யோசனைகள். முதலாவதாக, பெற்றோரிடம் இந்தப் பெயரை முன்வைத்துத் தொடங்கவே கூடாது. 'செக்சுவல்' என்பது காதில் விழுந்தவுடன் அவர்கள் படுக்கையறையை நினைத்துக்கொள்வார்கள், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் உள்ளே போகாது. பொதுவாழ்வில் மதிக்கப்படும் ஒருவரைக் காட்டுங்கள். 2020 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு மேற்கு மற்றும் அபிங்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் லைலா மோரன் தான் ஒரு பெண்ணுடன் உறவில் இருப்பதையும், தான் பான்செக்சுவல் என்பதையும் வெளிப்படையாக அறிவித்தார். உடலமைப்பு முக்கியமன்று, காதலிக்கும் ஆளே முக்கியம் என்ற அவருடைய விளக்கம் எந்த வைனையும்விடத் தெளிவானது. அம்மா நாடகம் பார்ப்பவர் என்றால் செய்தியும் பார்ப்பார் அல்லவா?

இருகரைக்கும் ஒன்று. பாடகி ஜனெல் மோனே 2018-இல் ரோலிங் ஸ்டோன் இதழுக்கு அளித்த பேட்டியில், முதலில் தன்னைப் பைசெக்சுவலாகவே கருதியதாகவும், பான்செக்சுவல் பற்றிப் படித்தபோது அதுவும் தனக்குப் பொருந்துவதாக உணர்ந்ததாகவும் சொன்னார். முதல் பெயரை அவர் இழிவுபடுத்தவில்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் பான்செக்சுவல் என்ற சொல்லைத் தேடியவர்கள் அப்போது திடீரெனப் பெருகினார்கள். ஆகவே சண்டையை விட்டுவிட்டு, கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு சிறு துண்டறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். மாதிரி வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

ஸ்கார்பரோ சுடர்

அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆக்ஸ்போர்டு எம்.பி.யைக் காட்டினால், "அவ எம்.பி., நீ ஆர்?" என்றுதான் கேட்பார்.

மதுரை மேகலை

நான் ஓர் ஆணை மணந்தவள். என் கணவருக்கு எல்லாம் தெரியும், அவருக்கு அது ஒரு பேச்சே இல்லை. தொடரை முழுவதும் பார்த்து முடித்த நாளில் தோழி ஒருத்தி, டேவிட் பேட்ரிக் என்ற ஆணை மணக்கும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி, "நல்லவேளை, கடைசியில் அவன் கே என்று முடிவாகிவிட்டது" என்று உண்மையான நிம்மதியோடு சொன்னாள். முதல் பருவத்தில் தன் வாயாலேயே விளக்கியவனுக்கே இந்தக் கதி. என்னை வைத்து அவள் என்ன முடிவுக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டேன். "உனக்குத்தான் கல்யாணமாகிவிட்டதே" என்றாள். கயல் சொன்ன ஆளைப் போலவே இவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இவள் எதிர்பார்த்தது நன்றி அல்ல, சம்மதம். நான் கொடுக்கவில்லை. இப்போதும் பேசிக்கொள்கிறோம், அந்தத் தொடரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.