எம்.ஜி. வந்த மூன்றாம் நாள், தரையில் எண்ணெய்

திருவான்மியூரிலிருந்து:

நாற்பத்தாறு வயதில் ஒரு ஆசையை நிறைவேற்றிக்கொண்டேன். எம்.ஜி. என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார், 1958ஆம் வருட எம்.ஜி.ஏ. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது, கண்ணாடி ஏற்றி இறக்கும் வசதியும் கிடையாது. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊரில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து, ஆறாயிரத்துக்கும் குறைவாக உள்ளூரில் விற்றுவிட்டு, மீதியையெல்லாம் கப்பலேற்றிய கார் இது. என்னுடையது ஏழு வருடம் ஒரு ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. வீட்டுக்கு வந்த அன்று வாட்ச்மேன் முன்னால் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "எம்.ஜி.ஆர். வண்டியா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஸ்டில்ட் பார்க்கிங்கில் காருக்கு அடியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறை. அசோசியேஷன் செயலாளர் நல்ல மனிதர். ஆனால் போன தீபாவளிக்குத்தான் அங்கே புது டைல்ஸ் பதித்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டார்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, அதன் மேல் காரை நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் பெரும்பகுதி எண்ணெய் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே. அந்த இடத்தை மூடியிருக்கும் உறையின் அடியில் ஒரு துளை வைத்து, அதில் ஒரு ஸ்பிளிட் பின்னை, அதாவது இரட்டைக் கால் கம்பி ஊசியை, தொங்கவிட்டிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது பின் குலுங்கிக்கொண்டே இருப்பதால் துளை அடைக்காது. சொட்டு அந்தப் பின்னின் நுனியிலிருந்து விழுந்தது. சரி, இன்ஜினிலிருந்தா, கியர்பாக்ஸிலிருந்தா? முகர்ந்து பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் இந்தக் காரில் கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறார்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்வந்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு அரை லிட்டர் காணவில்லை.

முதலில் போனது ஏசி போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். பேர் வேண்டாம். காரை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேக் ஆயில் சீல் போயிடுச்சு சார், இன்ஜின இறக்கணும்" என்றார்கள். எண்பத்தைந்தாயிரம், இரண்டு மாதம். முன்பணம் கொடுக்கப் பர்ஸை எடுத்துவிட்டேன். கார்டு மெஷின் வேலை செய்யாததால்தான் தப்பித்தேன்.

அன்றிரவு ஒர்க்‌ஷாப் மேனுவலைப் புரட்டினால், இந்த இன்ஜினில் பின்பக்கம் சீலே கிடையாது! ரப்பரும் இல்லை, கயிறும் இல்லை. கிராங்க் ஷாஃப்டின் பின் நுனியில் திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்த மரை உள்ளேயே திருப்பித் தள்ளும். சுற்றாதபோது தடுக்க ஒன்றுமில்லை. ஆக, ஓரிரண்டு சொட்டு பிறவிக்குணம். அரை லிட்டர் பிறவிக்குணம் இல்லை. லீக்கை நிறுத்தும் என்று விற்கிறார்களே, அந்த டப்பாவை ஒரு நண்பர் வாங்கியே வந்துவிட்டார். அது ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும் மருந்து. இல்லாத ரப்பரை எப்படி உப்ப வைக்கும்? டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அப்புறம்தான் புதுப்பேட்டை. கார்க் ஷீட்டில் கேஸ்கெட் வெட்டித் தரும் ஒருவர், "இந்த இன்ஜினா? பாய்கிட்ட போங்க" என்று சந்துக்குள் கை காட்டினார். பாய்க்கு எழுபது இருக்கும். ஆயுள் முழுக்க அம்பாசிடர் டாக்ஸி பார்த்தவர். பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "இது நம்ம அம்பாசிடர் இன்ஜின்தானே தம்பி, ரெண்டு கார்புரேட்டர் போட்டுக்கிட்டு மினுக்குது."

உண்மைதான். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி சீரிஸ் இன்ஜின், 1489 சிசி. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அம்பாசிடருக்குள் உட்கார்ந்து, இந்த ஊரின் கலெக்டர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் சுமந்த அதே வம்சம். இங்கிலாந்திலிருந்து ஆள் வந்தால்தான் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இன்ஜினை, இங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுகிறவர் இருக்கிறார்.

பாய் காருக்கு அடியில் குனியவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். பிரஷர் குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி புஸ் புஸ்ஸென்று அடித்தது. "மூச்சு முட்டுது. வழி இல்லாம பின்னால தள்ளிக்கிட்டு வருது" என்றார். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எந்த இன்ஜினிலும் கீழே இறங்கும். அது வெளியேற, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு தகடு மூடிகளில் (டேப்பெட் கவர்) முன்பக்கத்து மூடியிலிருந்து ஒரு குழாய் தரையைப் பார்த்து இறங்குகிறது. அந்தக் குழாய்க்குள் பாய் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினார். பொலபொலவென்று செம்மண் உதிர்ந்தது. குளவிக் கூடு. ஏழு வருட ஷெட் வாசத்தில் வந்த குடித்தனம்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும், கலைக்கக் கூடாது என்பார் அம்மா. காரில் கட்டினால் என்ன பிறக்கும் என்று கேட்டேன். "செலவு" என்றார்.

குழாயைச் சுத்தம் செய்த பிறகு மண்ணெண்ணெய் போட்டு இன்ஜின் முழுவதையும் கழுவினோம். காயவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவி, மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் வரை ஒரு சுற்று. திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கம் பவுடர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. ஆனால் பின் டேப்பெட் கவரிலிருந்து மட்டும் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. இரண்டாவது குற்றவாளி. இந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடிக்கிறது. ஒழுகுகிறதே என்று யாரோ பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், இன்னும் அதிகமாக ஒழுகும். பாய் அதைக் கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கி, அம்பாசிடர் கார்க் கேஸ்கெட்டையே போட்டார். அப்படியே உட்கார்ந்தது. கவரை எட்ட கார்புரேட்டர், மேனிஃபோல்ட் எல்லாம் கழற்ற வேண்டியிருந்ததால் அரை நாள் வேலை. சிலிக்கான் பேஸ்ட் தடவலாமா என்று கேட்டதற்கு முறைத்தார். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் பிய்ந்து, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும் என்றார். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய், மூன்று டீ.

விற்றவர் மெல்லிசான சிந்தெடிக் ஆயில் ஊற்றிக் கொடுத்திருந்தார். அதை வடித்துவிட்டு, கெட்டியான 20 டபிள்யூ 50 மினரல் ஆயில் ஊற்றியிருக்கிறேன். இப்போது இரவுக்கு நாலு சொட்டு.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

என் கதைக்கு இரண்டு சக்கரம்தான். திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட். ஹெட்டில் கசிவு என்று கேஸ்கெட்டை மூன்று தடவை மாற்றினேன். மூன்றாம் தடவை மெக்கானிக் என்னையே சந்தேகமாகப் பார்த்தார், நான் ஏதோ செய்கிறேன் என்று. கடைசியில் பார்த்தால் கிராங்க் கேஸிலிருந்து காற்று போகும் வழியில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர். காற்றை வெளியே விட வேண்டும், உள்ளே விடக்கூடாது. அது காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் பாய் சொன்ன "மூச்சு முட்டுது" அன்றைக்கே என் காதில் விழுந்திருந்தால் மூன்று கேஸ்கெட் மிச்சம்.

குரோம்பேட்டையிலிருந்து:

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வைத்திருக்கிறேன், 1296 சிசி. வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்களே, அந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் இதைக் கட்டினார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதனால் எனக்கும் உங்களைப் போலவே ஊருக்குள் சொந்தக்காரர்கள் உண்டு.

என் லீக்குக்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிப்ஸ்டிக் இந்த இன்ஜினுடையதே இல்லை. எப்போதோ தொலைந்துபோய் வேறு வண்டியுடையதைச் செருகியிருக்கிறார்கள். அது நீளம் குறைவு. நான் பார்க்கும்போதெல்லாம் "கம்மி" என்று காட்டும், நானும் ஊற்றுவேன். கிராங்க் எண்ணெயிலேயே மூழ்கி, மோர் கடைகிற மாதிரி கடைந்து, வழி கிடைத்த இடத்திலெல்லாம் வெளியே தள்ளியது. முழுவதையும் வடித்து, மேனுவல் சொல்லும் அளவை அளந்து ஊற்றி, குச்சியில் அரத்தால் புதுக் கோடு போட்டேன். லீக் முக்கால்வாசி அன்றே நின்றது.

மயிலாப்பூரிலிருந்து:

அப்பா அரசாங்க அம்பாசிடர் ஓட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் வாசலில்தான் நிறுத்துவார், அம்மாவின் கோலத்து மேலேயே சொட்டும். "புள்ளி வைக்கிற வேலை மிச்சம்" என்பார் அப்பா. அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணா நகரிலிருந்து:

"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும், ஒழுகலைன்னாதான் பயப்படணும்" என்று இதைப் படிக்கும் யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். நானும் எட்டு மாதம் அதையே சொல்லிச் சிரித்தவன். ஒருநாள் திருமங்கலம் சிக்னலில் பானெட் இடுக்கிலிருந்து புகை. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து வடிந்த எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்திருக்கிறது. பக்கத்து ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கத்தித்தான் அவரை நிறுத்தினேன். நல்லவேளை, புகையோடு போயிற்று. இப்போது சீட்டுக்குப் பின்னால் தீயணைப்பான் இருக்கிறது, அந்த ஜோக்கை நான் சொல்வதில்லை. பின்பக்கம் ஒழுகுகிறவர்களுக்கு இன்னொன்று: அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டால் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி போகாது.

வளசரவாக்கத்திலிருந்து:

எல்லோரும் குழாயைக் குத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். எம்.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்த மாடலான என் எம்.ஜி.பி.யில் குழாய் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று அடித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, வெளியேற வழி இருந்தும் போதாத அளவுக்குக் காற்று கீழே இறங்கியது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தபோது மூன்றாவது சிலிண்டர் மற்றதைவிட நாற்பது பி.எஸ்.ஐ. குறைவு. எனக்கு நிஜமாகவே இன்ஜினை இறக்கவேண்டி வந்தது, சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டேன். திருவான்மியூர்க்காரர் அந்த டெஸ்ட் எடுத்தாரா?

மீண்டும் திருவான்மியூரிலிருந்து:

வளசரவாக்கத்தாருக்கு நன்றி. உங்கள் கேள்வி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சனிக்கிழமை பாயிடம் போய் நான்கு சிலிண்டரையும் பார்த்துவிட்டோம். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் பத்துக்குள். "அதான் அன்னிக்கே கையில தெரிஞ்சுதே" என்றார், கொஞ்சம் கோபமாக.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் பார்க்கிங்கின் கடைசியில் சின்ன ஏற்றம் இருக்கிறது. மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் பின்பக்கம் சேர்கிறது, சொட்டு கூடுகிறது. ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தத் தொடங்கியிருக்கிறேன். குரோம்பேட்டையாரைப் படித்துவிட்டு டிப்ஸ்டிக்கையும் சரிபார்த்தேன், சரியானதுதான். தீயணைப்பானும் வாங்கிவிட்டேன். குழாய் வாயில் கொசுவலை கட்டலாமா என்று பாயிடம் கேட்டேன். "குளவி செஞ்ச வேலைய நீ செய்யாதே" என்றார்.

நேற்றுக் காலை செயலாளர் வாக்கிங் முடித்து வந்தவர் காருக்குப் பின்னால் குனிந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் நாலே சொட்டுதான் சார்" என்றேன்.

"அஞ்சு" என்றார்.

அவர் லிஃப்டில் ஏறிய பிறகு எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.