பழைய கேமை மறுபடி போட்டுப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

பீச்ரோடு:
ஜிடிஏ வைஸ் சிட்டி, ஊரைச் சுத்திக் கார் ஓட்டி மிஷன் பண்ற கேம். ஆரம்ப சீன் முடிஞ்சு கார்ல ஏறினதும் ரேடியோல மைக்கேல் ஜாக்சன் பாடுவாரே, ஞாபகம் இருக்கா? ஸ்கூல் விட்டதும் பிரவுசிங் சென்டர்ல போய் உட்காருவேன். பின்னாடி நிக்கிறவன் எல்லாம் "மிஷனைப் பண்ணுடா"ன்னு கத்துவான். நான் பாட்டு முடியற வரைக்கும் பீச் ரோட்டுல ஓட்டிக்கிட்டே இருப்பேன். இப்போ சொந்தக் காசுல ஆன்லைன்ல வாங்கிப் போட்டேன். அதே நியான் லைட்டு, அதே கார். பாட்டு மட்டும் வேற. தேடினா, லைசென்ஸ் முடிஞ்சதால 2012லயே டிஜிட்டல் பதிப்புலேர்ந்து சில பாட்டுகளை எடுத்துட்டாங்களாம். புத்தகத்தை மறுபதிப்பு போடும்போது நாலு பக்கத்தைக் கிழிச்சுட்டா விப்பாங்க? மனசே ஆறலை.

சிவப்புஜாய்ஸ்டிக்:
பாட்டு போனது வருத்தம்தான் அண்ணே. ஆனா பழசைத் தொட்டாலே கெடுத்துடுவாங்கன்னு முடிவு கட்டாதீங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ராஜ்ஜியம் கட்டிப் போர் பண்ற கேம், 1999ல வந்தது. ஹாஸ்டல்ல கம்ப்யூட்டரை எல்லாம் ஒயர்ல இணைச்சு விடிய விடிய லேன்ல ஆடுவோம். 2019ல டெஃபனிட்டிவ் எடிஷன்னு புதுப்பிச்ச பதிப்பு போட்டாங்க, 2022ல அதுக்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற கூடுதல் தொகுப்பு வந்துச்சு. அதுல திராவிடர்கள்ங்கற நாகரிகத்தை எடுத்து, வில்லேஜரை, அதாவது வேலை செய்யற ஊர்க்காரனைக் கிளிக் பண்ணேன். தமிழ்ல பதில் சொல்றான்! மரம் வெட்டக்கூட அனுப்பாம கிளிக் பண்ணிக்கிட்டே இருந்தேன், அடுப்படியில இருந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்து கேக்க வச்சேன். கப்பல் பேரு திரிசடை. ராஜேந்திர சோழன் கதையை ஆட தனி கேம்பெயினே இருக்கு.

நைட்ஷிஃப்ட்:
என்னோடது அவ்வளவு பழசு இல்லை, 2014. தி க்ரூங்கற கார் கேம். தம்பி துபாய்ல, நான் திருச்சில. ஒண்ணா அமெரிக்கா முழுக்க ஓட்டுவோம். தனியா ஆடவும் நெட் வேணும்ங்கற கேம், அதனால 2024 மார்ச் 31ல சர்வரை மூடினதோட டிஸ்க்குக்கும் வேலை இல்லாம போச்சு. கடைசி ராத்திரி மலை மேல ரெண்டு வண்டியையும் நிறுத்திட்டு வீட்டுக் கதை பேசிக்கிட்டு இருந்தோம். கிளம்பறப்போ அவன் ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சான். அது இன்னும் கேக்குது.

பரண்மேல்:
சிவப்புஜாய்ஸ்டிக் தம்பி, நீங்க சொல்றது விதிவிலக்கு. வார்கிராஃப்ட் 3ங்கற போர் கேமுக்கு 2020ல ரீஃபோர்ஜ்ட்ங்கற புதுப்பிச்ச பதிப்பு வந்தப்போ, பழைய டிஸ்க் வச்சிருந்தவங்களும் ஆன்லைன்ல ஆட புது சாஃப்ட்வேருக்கு மாற வேண்டியதாச்சு. பழைய கேம்களைப் பாதுகாக்கற வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல எடுத்த ஆய்வுல, அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில கிடைக்கலைன்னு தெரிஞ்சுது. என் கதை சின்னதுதான்: பரண்ல பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஃபிளாப்பி கிடைச்சுது, லேபிள்ல அப்பா கையெழுத்து, உள்ள ஒண்ணும் படிக்கலை. அதை உருவாக்கின ஜோர்டன் மெக்னர் எழுதின சோர்ஸ் கோடே, அதாவது மூல நிரலே, காணாம போயி, 2012லதான் அவர் அப்பா கண்ணுல பட்டுச்சு. அதனால எல்லாரும் இந்த வாரமே சிடியை எல்லாம் ஐஎஸ்ஓவா, அதாவது முழு நகல் ஃபைலா எடுத்து ரெண்டு இடத்துல வையுங்க. விண்டோஸுக்கு முந்தின டாஸ் கேமை இப்போ ஓட்ட டாஸ்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போதும். வாங்கறதா இருந்தா ஜிஓஜிங்கற ஆன்லைன் கேம் கடையில வாங்கி, நெட் இல்லாமலே நிறுவற ஆஃப்லைன் இன்ஸ்டாலரை அன்னைக்கே இறக்கிடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. தனியா ஆடவும் நெட் கேக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. பீச்ரோடு, உங்களுக்குப் பழைய டிஸ்க் பதிப்புதான் வழி, அதுல பாட்டு அப்படியே இருக்கும்.