தர்மபுரி பக்கம் முதுகுப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. என் தம்பிக்கு வயது 29. பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேட் ஏற்றி இறக்குகிறான். கீழ்முதுகில் ஓயாத வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, கால் மரத்துப்போவதும் இல்லை. "வயிற்றுத் தசையைப் பலப்படுத்து" என்று மட்டும் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

இவன் எழுந்ததும் எழாததுமாகச் சிட்-அப் அடிக்கிறான். வலி கூடிவிட்டது. கூடாமல் என்ன செய்யும்? இரவெல்லாம் படுத்திருந்ததில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் நீர் ஏறி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்து நிமிர்ந்தால் அதன்மேல்தான் சுமை. வயிற்றுத் தசைக்கு உடம்பை மடக்குவதைவிட முக்கியமான வேலை, சுமை தூக்கும்போது முதுகெலும்பு ஆடாமல் பிடிப்பது. முன்தசை, பக்கத்தசை, ஆழத்தில் இருக்கும் குறுக்குத்தசை, முதுகுத்தசை எல்லாம் பந்தல்காலைக் கட்டிய கயிறுகள் போல நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதற்கு மூன்று பயிற்சிகள் சொல்கிறார்: கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது), சைட் பிரிட்ஜ் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது), பேர்ட்-டாக் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது). ஒவ்வொரு பிடியும் 10 நொடி போதும். வீடியோ பார்த்துச் செய்யச் சொன்னேன். பேர்ட்-டாக்கில் காலை நீட்டும்போதே தம்பியின் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும்.

தர்மபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரி, எங்கே என்றாலும் சரி. மண்டி வேலை முடிந்து மதியத்துக்கு மேல்தான் வர முடியும். கரண்ட் வைத்து அனுப்பிவிடாமல் பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லித்தருபவராக இருக்கட்டும். அப்புறம், சுமை தூக்குகிற அண்ணன்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இடுப்பு பெல்ட் உங்களுக்கு உதவியதா?