மனிதவளத் தலைவர்: உள்ளிருப்பவரை உயர்த்துவதா, வெளியாளை எடுப்பதா?

கேள்வி – பொது மேலாளர், கோயம்புத்தூர்

வணக்கம். எங்களுடையது மோட்டார் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை. வார்ப்படப் பிரிவையும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள். எங்கள் மனிதவளப் பிரிவின் தலைவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இருவர் இறுதிச் சுற்றில் இருக்கிறார்கள். ஒருவர் எங்களிடமே பணியாளர் அலுவலராகச் சேர்ந்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளிலிருந்து ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வரை பார்த்து வளர்ந்த பெண்மணி. மற்றவர் எம்.பி.ஏ. படித்து, மென்பொருள் நிறுவனமொன்றில் ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தவர்.

நேர்காணலில் வெளியிலிருந்து வந்தவர் சரளமாகப் பேசினார். எங்கள் அலுவலர் பல கேள்விகளுக்குத் தயங்கித் தயங்கித்தான் பதில் சொன்னார். நிர்வாக இயக்குநருக்கு வெளியாளின் மேல்தான் விருப்பம். ஆனால் உணவகத்தில் தகராறு வந்தாலும், ஓவர்டைம் கணக்கில் சந்தேகம் வந்தாலும் தொழிலாளர்கள் தேடிப் போவது இந்த அம்மாவைத்தான். இருவரையும் எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – நிறுவன உளவியல் ஆசிரியர்

நீங்கள் நடத்திய நேர்காணல் பேச்சுத் திறனைத்தான் அளந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணல், போகிற போக்கில் கேட்கும் நேர்காணலைவிடப் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதை, 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையே காட்டியது. 2022இல் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது பல தேர்வு முறைகளின் மதிப்பு இறங்கிவிட்டது. வகுத்து நடத்தும் நேர்காணலோ 0.42 என்ற ஒட்டுறவுக் கெழுவுடன் (கணிப்பும் பணித்திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) முதலிடத்துக்கு வந்தது. அதே ஆய்வில், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கணக்கு மிகவும் கீழே இருந்தது. ஆகவே நீண்ட காலம் உங்களிடம் இருந்தார் என்பதற்காக மட்டும் அந்த அம்மாவைத் தேர்ந்தெடுப்பதும் சரியாகாது.

இருவரையும் மறுபடி அழைத்து, ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். கேட்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே அவரவர் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நிர்வாக இயக்குநர் வாய் திறந்துவிட்டால் அதன் பிறகு மற்றவர்களின் கருத்து வெளியே வராது.

பதில் – ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர், அம்பத்தூர்

மேலே ஐயா சொன்ன முறை சரி. அதில் எதைக் கேட்பது என்பதைச் சொல்கிறேன். மனிதவளத் தலைவர் பதவியின் உயிர்நாடி, முதலாளியின் நம்பிக்கையை இழக்காமல் அவரிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரிவதுதான். விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பதையும் பயிற்சி வகுப்பு நடத்துவதையும் யாருக்கும் கற்றுக் கொடுத்துவிடலாம்.

இருவரிடமும் இந்தச் சூழ்நிலையை வையுங்கள். வார்ப்படப் பிரிவில் இரவு ஷிப்டில் ஒரு பீகார் தொழிலாளி மேற்பார்வையாளரை அடித்துவிட்டார். காலையில் முதலாளி அழைத்து, சாயங்காலத்துக்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்கிறார். நல்ல மனிதவளத் தலைவர் முதலில் கேட்பது, யார் பார்த்தார்கள், அதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்பதைத்தான். பிறகு, அந்தத் தொழிலாளி நேரடிப் பணியாளரா ஒப்பந்ததாரரின் ஆளா என்று பார்ப்பார். நேரடிப் பணியாளர் என்றால் தற்காலிகப் பணிநீக்கம், தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம் தர அவகாசம், சம்பவத்தோடு தொடர்பில்லாத ஒருவரை வைத்து உள்விசாரணை என்று வரிசையாகச் சொல்வார். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழைப்பூதியம், அதாவது தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் தரும் தொகை, முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்குப் பிறகு 180 நாள் வரை முக்கால் பங்கு, அதையும் தாண்டினால் முழுச் சம்பளம் என்பதால், விசாரணையை இழுத்தடிக்க மாட்டார். இவற்றையெல்லாம் கோபத்தில் இருக்கும் முதலாளியிடம் எந்த வார்த்தைகளில் சொல்வார் என்பதையும் கேளுங்கள். என் அனுபவத்தில், நேர்காணலில் தயங்கிப் பேசுபவர்கள் பலர் இந்த மாதிரிக் கேள்விக்கு வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பொறுப்பையும் யோசியுங்கள். தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 49ஆம் பிரிவு தொழிலாளர் நல அலுவலரை 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 250 ஆக்கியிருக்கிறது. உங்கள் அளவுள்ள ஆலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். இன்னொன்று, யாரை நியமித்தாலும் அவர் நிர்வாக இயக்குநருக்கே நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். உற்பத்தித் தலைவரின் கீழே வைத்தால், ஓவர்டைம் விதிகள் மீறப்படும் நாளில் அவரால் வாயைத் திறக்க முடியாது.

பதில் – மனிதவள அலுவலர், ஓசூர்

வெளியாளுக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். எல்லோருக்கும் வேண்டியவர் ஒருவர், தமக்கு நெருக்கமான மேற்பார்வையாளர் மீதே பாலியல் தொல்லைப் புகார் வரும்போது தடுமாறக்கூடும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளகப் புகார்க் குழுவில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சொல்வது காரணமில்லாமல் இல்லை. எனவே அந்த அம்மாவிடம் இந்தக் கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்.

சம்பளத்தையும் கவனியுங்கள். வெளியாளுக்குச் சந்தை மதிப்பில் சம்பளம் பேசிவிட்டு, உள்ளிருப்பவர் உயர்ந்தால் பழைய சம்பளத்தோடு சிறு உயர்வு மட்டும் கொடுப்பது நம் ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு முன்பிருந்த நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. உயர்த்தப்பட்டவர் ஓராண்டுக்குள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். தேர்வாகாதவர் அந்த அம்மா என்றால், அறிவிப்புப் பலகையில் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் நேரில் அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அடுத்த வாரம் இருவரையும் மறுபடி அழைக்கிறோம். வார்ப்படப் பிரிவுக் கேள்வியையும் ஓசூர் நண்பர் சொன்ன புகார்க் கேள்வியையும் இருவரிடமும் கேட்கப் போகிறோம். மதிப்பெண்ணைக் கடைசியாகச் சொல்வதற்கு நிர்வாக இயக்குநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதவிக்குரிய சம்பளத்தை ஆள் யாரென்று முடிவாகும் முன்பே எழுதி வைத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.