கத்தரியில் இலை சிறுத்துப் புதராகிறது, காப்பர் அடித்தும் கேட்கவில்லை

தோட்டக்காரன்:
நட்டு 45 நாள். சில செடிகளில் இலை நக அளவுக்குச் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடி துடைப்பம் மாதிரி நிற்கிறது. பூவும் பச்சையாகவே நின்றுவிடுகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடு 2 முறை அடித்தாயிற்று. கவாத்து செய்தால் தழையுமா?

பயிர்க்காவலன்:
தழையும், ஆனால் அதே சிற்றிலைதான் வரும். இது பைட்டோபிளாஸ்மா, செல்சுவர் இல்லாத பாக்டீரியா. செடிக்குள் உணவு ஓடும் சல்லடைக் குழாய்க்குள் இருப்பதால் மேலே பூசும் செம்பு மருந்து அதைத் தொடவே தொடாது. (1967 வரை இந்த நோய்களை வைரஸ் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.) பரப்புவது தத்துப்பூச்சி. நோய்ச்செடியில் சாறு குடித்த உடனேயே பரப்பிவிடாது. கிருமி குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பியில் பெருகச் சில வாரம் பிடிக்கும். அதன்பின் சாகும்வரை பரப்பும்.

வேர்முடிச்சு:
நோய்ச்செடியைப் பிடுங்கத்தான் வேண்டும், ஆனால் பிடுங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். செடியை உலுக்கினால் பூச்சி பக்கத்துச் செடிக்குத் தாவிவிடும். முதலில் லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மறுநாள் காலை வேரோடு எடுத்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வரப்பில் ஊமத்தை, நித்தியகல்யாணி இருந்தால் அவையும் போகட்டும். கிருமி அங்கேயும் தங்கும்.

தோட்டக்காரன்:
பாக்டீரியா என்றால் டெட்ராசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

பயிர்க்காவலன்:
அறிகுறி கொஞ்ச நாள் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். காய் பறிக்கும் பயிருக்கு வேண்டாம். பெனிசிலின் சுத்தமாக வேலை செய்யாது. அது தாக்குவதே செல்சுவரை. அடுத்த நடவுக்கு நாற்றங்காலிலேயே பூச்சி வலை கட்டுங்கள். இளநாற்றிலேயே கிருமி ஏறினால் ஒரு காய்கூடப் பார்க்க முடியாது.