அப்பாவின் இதயம் 28-லிருந்து 52-க்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

குடந்தை மகன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் வேலை. சர்க்கரை கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. போன வருடம் ஆடி மாதம் வறட்டு இருமல் ஆரம்பித்தது. படுத்தால் இருமல் வரும், எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். ஒரு இடத்தில் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்தார்கள். அப்படியே மூன்று மாதம் ஓடிப்போனது. குனிந்து விளக்கின் பாதத்தை எடுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு காற்றுக்குத் தவித்தார். அன்றைக்குத்தான் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் 28 சதவீதம். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. இதயத் தசை பலவீனமாகி அறை பெரிதாகிவிட்டது, டைலேட்டட் கார்டியோமயோபதி என்றார்கள்.

சாக்குபிட்ரில்-வால்சார்டான், பைசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் என்று நாலு மாத்திரை. ஒரு வருடத்தில் பம்பிங் 52-க்கு வந்துவிட்டது. மறுபடி பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தோம்.

பிரச்சினை இப்போதுதான். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மாத்திரை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே" என்று அதை முதலில் நிறுத்தினார். அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. எனக்கு நேற்றுத்தான் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், எடைகூட 63-லிருந்து 65.8 ஆகியிருக்கிறது. நேற்று ராத்திரி இன்னொரு தலையணை கேட்டார், அவ்வளவுதான். தேவைப்பட்டால் முன்பு சாப்பிட்ட ராமிப்ரில் அட்டை மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். 52 வந்தபின் நிறுத்தலாமா? பெரியப்பா 48 வயதில் தூக்கத்திலேயே போனவர், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

திருப்பூர் ராசு:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். தலையணை கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே இன்றைக்கு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

எக்கோ அக்கா:

தம்பி, நான் டாக்டர் இல்லை. 14 வருடமாக எக்கோ எடுக்கிறேன், என் மாமியாருக்கும் இதே நோய். ராசு அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. பத்து நாளில் ஏறிய அந்த 2.8 கிலோ சாப்பாட்டால் வந்த சதை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடம்பில் தேங்கும் நீர். படுத்தால் அந்த நீர் நுரையீரல் பக்கம் ஏறும், அதனால்தான் தலையை உயர்த்தச் சொல்கிறது உடம்பு. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே நின்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

அந்த ராமிப்ரில் அட்டையைத் தூக்கிப் போடுங்கள். சாக்குபிட்ரிலும் ராமிப்ரிலும் ஒன்றாகச் சேரவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முகம், நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடும் அபாயம் உண்டு. பழைய நாலு மாத்திரையையும் பழைய அளவிலேயே நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். நீர் கோத்திருக்கும் நேரத்தில் பைசோப்ரோலாலை எந்த அளவில் தொடங்குவது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது 52 விஷயம். 28 என்றதும் இதயத்தில் முக்கால்வாசி செத்துவிட்டது என்று அழுபவர்களை வாரம் ஒருவராவது என் அறையில் பார்க்கிறேன். அது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே 55-லிருந்து 70 வரைதான் தள்ளும். ஆக, 52 என்பது பெரிய மீட்சி. ஆனால் அது மாத்திரை உள்ளே இருக்கும்போது வந்த 52. பம்பிங் குறைந்ததும் உடம்பு, எங்கோ ரத்தம் குறைந்துவிட்டது என்று தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், நாடியை விரட்டும், குழாய்களை இறுக்கும். களைத்த இதயத்துக்கு இதுவே பாரம். இந்தச் சங்கிலியை ஆளுக்கொரு இடத்தில் அறுப்பதுதான் அந்த மாத்திரைகளின் வேலை. சாய்ந்த பந்தலுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்தியிருக்கிறோம். நிமிர்ந்துவிட்டதே என்று முட்டுக்கொடுத்த கம்பை உருவலாமா?

இதை லண்டனில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டிரெட்-ஹெச்எஃப் என்ற ஆய்வு, 2018-ல் வந்தது. உங்கள் அப்பா மாதிரியே டைலேட்டட் கார்டியோமயோபதி வந்து முழுக்கத் தேறிய 51 பேர். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. 25 பேருக்கு மட்டும் கூடவே கண்காணித்துப் படிப்படியாக மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. கண்காணிப்போடு நிறுத்தியவர்களுக்கே இப்படி. உங்கள் அப்பா ஒரே அடியாக நிறுத்தியிருக்கிறார்.

சர்க்கரை மாத்திரை விஷயத்தில் அவர்மேல் கோபப்படாதீர்கள். அது சர்க்கரைக்கு வந்த மருந்துதான். 2019-ல் டாபா-ஹெச்எஃப் ஆய்வில் பம்பிங் குறைந்த 4,744 பேரில் ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள், மொத்தப் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. நோய் மோசமாவதும் இதய நோயால் சாவதும் சேர்த்துக் கால்வாசி குறைந்தது. "இது உங்கள் இதயத்துக்கு" என்று மாத்திரை டப்பாவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். என் மாமியாருக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, பெரியப்பா 48 வயதில் போனார் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது. அடைப்பு இல்லாமல் இதயம் பெரிதாவது பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். நீங்களும் உடன்பிறந்தவர்களும், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுங்கள். நார்மல் என்று வந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்.

கரூர் சித்ரா:

அக்கா, எங்கள் ஊரில் எக்கோவுக்கு ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும் என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

எக்கோ அக்கா:

உண்மைதான் சித்ரா. என்டி-புரோபிஎன்பி என்று பெயர். இதயச் சுவர் இழுபடும்போது சுரக்கிற பொருள். மெதுவாக வந்த மூச்சுவாங்கலில் அது 125-க்குக் கீழே இருந்தால் இதயம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கூடுதலாக இருந்தால் எக்கோவை முன்னதாக வாங்க அதையே காட்டலாம். வயது, சிறுநீரகக் கோளாறு, தாறுமாறான துடிப்பு இதனாலெல்லாமும் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைத்தும் காட்டும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து நீங்களாக முடிவுக்கு வராதீர்கள்.

திருப்பூர் ராசு:

நோயாளி என்ற முறையில் நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு ஆறு வருடமாக இது இருக்கிறது. காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, காப்பிக்கு முன்னால் எடை பார்த்து, காலண்டர் தாளில் எழுதிவிடுவேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுக்காமல் தப்பித்தது இதனால்தான்.

எனக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. உப்புக்குப் பதில் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும். கோடையில் தினம் இரண்டு இளநீர் குடித்து எனக்கு 5.9 வரை போய்விட்டது. அப்புறம் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் போடுவது. பட்டறை வேலை செய்பவர், முதுகுவலி வரும், கட்டாயம் சொல்லிவையுங்கள். அது நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

செலவுக்காக நிறுத்தினாரா என்றும் ஒரு வார்த்தை தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். இப்போது டாபாகிளிஃப்ளோசினுக்கும் சாக்குபிட்ரிலுக்கும் ஜெனரிக் வந்து விலை நன்றாகக் குறைந்திருக்கிறது, டாக்டரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

குடந்தை மகன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அன்று சாயங்காலமே கூட்டிப்போனோம். கட்டைவிரல் குழி நின்றது அக்கா. நாலு நாள் அட்மிட், ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். எடை 63.1-க்கு வந்தது. எக்கோவில் 41. மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி வாராவாரம் ரத்தம் பார்த்து ஏற்றுகிறார்கள். ராசு அண்ணா, நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். செலவும் ஒரு காரணம்தான். தங்கையின் பிரசவத்துக்குச் சேர்த்துவைக்கிறாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கும் என் கூடப்பிறந்த அக்காவுக்கும் எக்கோ எடுத்தோம். தங்கைக்கு இந்த வாரம். எனக்குப் பம்பிங் 60, நார்மல். அக்காவுக்கு 38 வயது, தினம் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறவர், ஒரு தொந்தரவும் இல்லை. அவருக்கு 46. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எக்கோ அக்கா:

தங்கை கர்ப்பமாக இருக்கிறாளா தம்பி? அப்படியானால் இந்த வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே எடுங்கள். குடும்பத்தில் இருக்கிறது என்று பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லுங்கள். அக்காவின் 46-ஐ நினைத்துப் பயப்படாதீர்கள். அப்பாவுக்குப் பம்பிங் 28-க்கு இறங்கியபின்தான் தெரிந்தது, அக்காவுக்கு சைக்கிள் ஓட்டும்போதே தெரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.